அண்ணியின் மூக்கு, என் நாக்கு, ஜார்ஜியா ஒயின்

ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் இறங்கிய மறுநாள் காலை எழுந்தபோது என் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. காபிப் பொடி டப்பாவைத் திறந்து முகத்தருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பற்பசையை முகர்ந்தேன். அதுவும் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவளுக்கு ஜலதோஷம் பெரிய விஷயமில்லை. நான் வந்தது ஒயின் வாங்க.

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய ஓர் ஓட்டலில் ஒயின் பார்த்து வாங்குவது என் வேலை. பிறந்தது கள்ளக்குறிச்சி, வாழ்க்கைப்பட்டது வடக்கனந்தல். என்னை அனுப்பும்போது முதலாளி இரண்டே விஷயம் சொன்னார். "பிரான்ஸ், இத்தாலி எல்லாம் வேணாம்மா. நம்மாளு யாரும் கேள்விப்படாத நாடா பாரு. ஒரு கிளாஸ் விலை ஒரு மீன் சாப்பாட்டு விலையைத் தாண்டக் கூடாது, ஆனா குடிச்சவன் இன்னொண்ணு கேக்கணும்." போன முறை நான் தேர்ந்தெடுத்த ஒயினை விருந்தினர்கள் பாதிக் கிளாஸோடு வைத்துவிட்டுப் போனார்கள். இந்த முறையும் அப்படி ஆனால் பழையபடி வரவேற்பு மேசைக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்பதையும் அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஜார்ஜியாவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். உலகத்தில் முதன்முதலாக ஒயின் செய்தவர்கள் தாங்களே என்று சொல்லிக்கொள்ளும் நாடு அது. மண் ஜாடியைத் தரையில் கழுத்துவரை புதைத்து, அதில் திராட்சையைத் தோலோடு போட்டுப் பொங்கவிடுகிறார்கள். விலையோ ஐரோப்பாவின் பெரிய பெயர்களுக்குப் பக்கத்திலேயே வராது. இன்னொரு காரணமும் இருந்தது. என் கணவரின் அக்கா அஞ்சலை அண்ணியின் மகள் கௌசல்யா அங்கே மூன்றாம் வருடம் மருத்துவம் படிக்கிறாள். அண்ணி மூன்று வருடமாக மகளை போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போறதா இருந்தா என்னையும் இட்டுக்கினு போ" என்றார். அப்படித்தான் நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

அண்ணிக்கு என் வேலை பிடிக்காது. அவர் கணவர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய சாராயத்தைக் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு கரும்புக் கொல்லையையும் வெல்லம் காய்ச்சும் ஆலையையும் தனியாக நடத்தி மகளைப் படிக்க வைத்தவர் அண்ணி. விஷச் சாராயச் சாவுகளால் எங்கள் ஊரின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் வந்தது உங்களுக்கும் தெரியும். அந்த நாட்களில் அவர் என்னோடு பேசவே இல்லை. ஒயின் வேறு, சாராயம் வேறு என்று ஒருமுறை விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பேர மாத்திக்கினா வேற ஆயிடுமா செல்வி? அதக் குடிச்சாலும் ஆம்பள வூட்டுக்கு லேட்டாத்தான் வரப்போறான்."

முதல் நாள் கௌசல்யாவின் அறையில் அழுகையும் புளியோதரையுமாகப் போனது. மாலையில் மூவரும் சந்தைக்குப் போனோம். படகு வடிவத்தில் ஒரு ரொட்டி, நடுவில் உருகிய பாலாடைக்கட்டி, அதன்மேல் உடைத்து ஊற்றிய முட்டை. அண்ணி ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுக்கு ஒரு பச்ச மொளகா இருந்தா எங்கியோ போயிடும்" என்றார். மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. நனைந்தேன். விளைவைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் மூவரும் ககேதி என்ற திராட்சை விளையும் பகுதிக்குப் போனோம். கண்ணாடி மாளிகை போன்ற பெரிய ஒயின் ஆலை ஒன்றில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் ஆறு கிளாஸ்களை வரிசையாக வைத்தார். நான் அனுபவசாலியைப் போலக் கிளாஸைச் சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டேன், தலையை ஆட்டினேன். ஒரு சுவரை முகர்ந்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. புளிப்பும் துவர்ப்பும் மட்டும் நாக்கில் தெரிந்தன. நான்காவது ஒயின் நாக்கில் துள்ளியது. விலையும் நான் நினைத்ததைவிடக் கம்மி. இன்றே சொன்னால்தான் இந்த விலை என்றார் அவர். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

அவர் மரியாதைக்காக அதே நான்காவது கிளாஸில் கொஞ்சம் ஊற்றி அண்ணியிடமும் நீட்டினார். அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாத்துக்கு தலைய தலைய ஆட்டுற? அது கெட்டுப்போனது."

"எது அண்ணி?"

"இப்போ நீட்டுனானே, அது. புழிஞ்ச கரும்புப்பால ரெண்டு நாள் கொப்பரைல போட்டு வெச்சிட்டா ஒரு நாத்தம் வருமே, அந்த நாத்தம். உனுக்குத் தெரில?"

நான் துள்ளல் என்று நினைத்தது புளித்துக் காடியாகத் தொடங்கிய கூர்மை. "அண்ணி, எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. காலைலருந்து எந்த வாசனையும் தெரியல" என்றேன்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கண்ண மூடிக்கினு நாத்து நடறவ மாரி இல்ல இருக்குது உன் பொழப்பு!"

கழுத்துப்பட்டைக்காரரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று விடைபெற்றேன். அன்று இரவு தங்கிய இடத்தில் அண்ணியிடம் கெஞ்சினேன். நீங்கள் குடிக்க வேண்டாம், முகர்ந்து மட்டும் சொல்லுங்கள் என்று. "அந்தக் கருமத்த மோந்து பாக்கத்தான் ஏரோப்ளேன் ஏறி வந்தனா? போய்ப் படு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வேறோர் ஆலைக்குப் போக வேண்டும். ஊருக்கு ஊர் ஓடும் வேன் ஒன்றில் ஏறினோம். நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். எங்களுக்கு முன்னால் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கும், மடியில் சேவலோடு ஒரு பெரியவரும் வந்தார்கள். வழியில் வேன் மூன்று முறை நின்றது. மூன்றாவது முறை எல்லோரும் இறங்கித் தள்ளினோம். "உளுந்தூர்பேட்டைல தீபாவளிக்கு மொத நாள் பஸ் ஏறுறதே இதுக்கு மேலு" என்று அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகினார்.

கடைசியில் வேன் எங்களை இறக்கிவிட்டுப் போன ஊர் நாங்கள் போக வேண்டிய ஊரே இல்லை. ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு ஊர்களாம். கௌசல்யா சொன்னதை ஓட்டுநர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அடுத்த வேன் மாலையில்தான். தெருவில் ஒரு நாய், ஒரு டிராக்டர், ஒரு வீட்டு முற்றத்திலிருந்து எழும் புகை. வேறு எதுவும் இல்லை.

அண்ணி திடீரென்று நின்றார். "பாகு காயுது" என்றார். எனக்குப் புகைகூடத் தெரியவில்லை. அவர் அந்த வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

முற்றத்தில் பெரிய செம்புக் கொப்பரை, அடியில் திராட்சைக் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் மரத்துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். திராட்சைச் சாற்றில் மாவைக் கரைத்துக் காய்ச்சி, நூலில் கோத்த வால்நட் பருப்புகளை அதில் முக்கி, கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். மெழுகுவர்த்தி போல இருக்கும் அந்த மிட்டாயைச் சந்தையில் பார்த்திருந்தோம். அந்தப் பெண்ணின் பெயர் மனானா. மகன்கள் இருவரும் போலந்தில் வேலை பார்க்கிறார்கள், அறுவடைக்கு வர முடியவில்லை, தனியாகச் செய்கிறேன் என்று கௌசல்யாவிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே எங்களுக்கு நாற்காலி எடுக்க உள்ளே திரும்பினார்.

"அடி புடிக்குது! அடி புடிக்குது!" என்று அண்ணி கத்தினார். மனானா திரும்புவதற்குள் துடுப்பு அண்ணியின் கையில் இருந்தது. சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு, அடியிலிருந்து வழித்து வழித்துக் கிளறினார். ஒரு கட்டையைக் காலால் வெளியே தள்ளி நெருப்பைத் தணித்தார். துடுப்பைத் தூக்கி, வழிகிற பாகு எப்படி அறுந்து விழுகிறது என்று பார்த்தார். "இன்னும் ரெண்டு கொதி" என்றார்.

மனானா இரண்டு விரலைக் காட்டினார். அண்ணி தலையாட்டினார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரே தேவைப்படவில்லை.

மதியம் முழுக்க அந்த இரண்டு பேரும் பருப்புச் சரங்களை முக்கி எடுத்துத் தொங்கவிட்டார்கள். நானும் கௌசல்யாவும் எடுபிடி. சாப்பாட்டுக்குச் சிவப்புக் காராமணி போன்ற ஒரு பயற்றுக் குழம்பு, சோள ரொட்டி, கொத்துமல்லி தூவிய தக்காளி. அண்ணி தன் பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்து மனானாவின் தட்டில் தூவினார். மனானா இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

பிறகுதான் ஜாடி அறையைக் காட்டினார். மண் தரையில் ஆறு வட்டக் குழிகள், புதைத்த ஜாடிகளின் வாய்கள். ஒன்று காலியாக இருந்தது. மனானா ஏணியை உள்ளே விட்டு இறங்கினார். அவர் தலைகூட வெளியே தெரியவில்லை. செர்ரி மரப்பட்டையைக் கட்டிச் செய்த தூரிகையால் உள்சுவரைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. "கழுவுகிற தண்ணீரைக் குடிக்கலாம் என்று தோன்றும் வரை கழுவ வேண்டும். அதுவரை மேலே வர மாட்டேன்" என்று உள்ளிருந்து அவர் சொன்னதைக் கௌசல்யா மொழிபெயர்த்தாள்.

அண்ணி குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஆலைல கொப்பரை கழுவச் சொன்னா ஒருத்தனும் வர மாட்டான். இது பாரு, உள்ள எறங்கி உக்காந்துக்கினு தேய்க்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "குடு. மோந்து சொல்றேன். வாயில வெக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

மனானா போன வருட ஒயினை ஊற்றினார். வெள்ளைத் திராட்சையில் செய்தது, ஆனால் தோலோடு கிடந்ததால் நிறம் பளபளவென்று வெல்லப்பாகு போல் இருந்தது. இதை அங்கே அம்பர் ஒயின் என்கிறார்கள். நான் நோட்டைத் திறந்தேன். என் வாழ்க்கையில் அப்படி வேகமாக எழுதியதில்லை.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "ஆரஞ்சுத் தோல வெயில்ல காயப் போட்ட மாரி இருக்குது. அப்புறம்... தேன் அடை. தேன் இல்ல, அடை. மலைல புழிஞ்சிட்டுப் போடுவாங்களே, அது. அடில ஒண்ணு வருது. மொத மழைல புழுதி அடங்குற வாசன."

நான் ஒரு மிடறு குடித்தேன். நாக்கின் ஓரங்களை இறுக்கிப் பிடிக்கிற துவர்ப்பு. கல்வராயன் மலைக் கடுக்காயைக் கடித்தால் முதலில் துவர்த்து, பிறகு வாய் சுத்தமாகிவிடுமே, அதேபோல. புளிப்பு அளவாக இருந்தது. காரத்தோடு சாப்பிட இதைவிடப் பொருத்தமான ஒயின் கிடைக்காது என்று என் நாக்கு சொன்னது. மூக்கு அவருடையது, நாக்கு என்னுடையது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள்.

நான்கு ஜாடிகளை முகர்ந்தார் அண்ணி. ஒன்றை மட்டும் ஒதுக்கினார். "இது இன்னும் சரிப்படல, விடு." கௌசல்யா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். மனானா வாய்விட்டுச் சிரித்தார். அதை விற்பதாக இல்லையாம், இன்னும் ஆறு மாதம் கிடக்க வேண்டுமாம்.

விலையைக் கேட்டேன். கேட்டதும் மறுபடி கேட்டேன், அவ்வளவு மலிவு சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று. முற்றத்துக்கு ஓடிப்போய் முதலாளிக்கு, "கிடைத்துவிட்டது!" என்று செய்தி அனுப்பினேன். கௌசல்யா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, நீங்க மோந்தே பாக்காம வாங்குறீங்க, தெரியுதுல்ல?"

தெரிந்துதான் இருந்தது.

ஊர் திரும்பியபோது முதலாளி புதுச்சேரியில் இல்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், ஒரு நண்பரின் தோட்டத்து வீட்டில் ஓய்வில் இருந்தார். பாட்டில்களோடு அங்கேயே வரச் சொன்னார். நான் வடக்கனந்தலில் இறங்கி அண்ணியையும் அழைத்துக்கொண்டேன். மலைப் பேருந்தில் இரண்டு பாட்டில்களும் என் மடியில், துண்டில் சுற்றி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குத்தான் உயிர் போய்வந்தது. மூக்கு திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் நான் பாட்டிலைத் திறக்கவில்லை. தப்பாக இருந்துவிட்டால் என்ற பயம்.

தோட்டத்து வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பும் சாமைச் சோறும் தயாராக இருந்தன. முதலாளி தன் அலமாரியிலிருந்து விலை உயர்ந்த பிரெஞ்சு பாட்டில் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வந்திருந்தார். நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. "ஏம்மா, மூக்கடைச்சிக்கினா ஒயின் வாங்குன? வெல்லம் காய்ச்சுறவங்க மோந்து சொன்னாங்கன்னு நான் ஆர்டர் போடணுமா?"

அண்ணி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மனானாவின் பாட்டிலைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி முகர்ந்தேன். நான் வாங்கிய ஒயினை முதன்முதலாக முகர்கிறேன். காய்ந்த ஆரஞ்சுத் தோல். தேன் அடை. அடியில் மழைப் புழுதி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணி சொல்லாமல் விட்டது ஒன்றுதான், காய்ந்த ரோஜா இதழ். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. டம்ளரை முதலாளியிடம் நீட்டினேன்.

அவர் முகர்ந்தார், குடித்தார். கோழிக் குழம்பில் ஒரு வாய் தின்றுவிட்டு மறுபடி குடித்தார். டம்ளர் காலியானது. ஆனாலும் அவர் மனம் ஆறவில்லை. அடுக்களைக்குள் போய், அங்கிருந்த வேறொரு ஒயினையும் சேர்த்து மூன்று டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு வந்தார். "அம்மா, கோவிச்சிக்காதீங்க. இதுல உங்க ஜார்ஜியா எது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். முதல் டம்ளரை முகர்ந்து தள்ளி வைத்தார். இரண்டாவதை முகர்ந்ததும், "இது மனானாவுது" என்றார், பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வது போல. மூன்றாவதை எடுத்தார். மூக்கைச் சுளித்தார். "இது இன்னாங்க, மழைல நனைஞ்சி மூலைல கெடந்த கோணி மாரி நாறுது?"

முதலாளியின் முகம் மாறியது. மூன்றாவது அவருடைய பிரெஞ்சு பாட்டில். நாங்கள் வந்தவுடன் அதைப் பெருமையாகக் காட்டி, அரை டம்ளர் ரசித்துக் குடித்தும் இருந்தார். டம்ளரைப் பிடுங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. தக்கை கெட்டுப்போனால் ஒயினில் ஏறும் ஈரச்சாக்கு வாடை அது. எவ்வளவு விலை உயர்ந்த பாட்டிலுக்கும் வரக்கூடியது. பெயரைப் பார்த்துக் குடித்ததில் அவர் மூக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை.

முதலாளி சிரிக்கத் தொடங்கினார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "செல்வி, எவ்ளோ குடுப்பாங்களாம் அந்தம்மா? இருக்கறது அத்தனையும் எடுத்துக்கலாம்."

அங்கிருந்தே கௌசல்யாவுக்கு போன் போட்டோம். அவள் மனானாவிடம் கேட்டுச் சொன்னாள். பாதிதான் தருவாராம். மீதி அவர் ஊர்க் கல்யாணங்களுக்கு வேண்டுமாம். அதற்கும் முதலாளி ஒப்புக்கொண்டார். "அம்மா, நீங்க எங்க ஓட்டலுக்கே வந்துடுங்களேன், மோந்து பாக்குற வேலைக்கு" என்று அண்ணியைக் கேட்டார்.

"வேணாங்க. நல்லாருக்குதுன்னுதான் நான் சொன்னேன். குடிங்கன்னு சொல்லல" என்றார் அண்ணி. கையைக் கழுவிக்கொண்டு, இலையைப் போட்டுச் சாமைச் சோற்றுக்கு உட்கார்ந்தார்.

மாலைப் பேருந்தில் மலை இறங்கினோம். எனக்குத் தரையில் கால் பாவாத சந்தோஷம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதி மலையில், கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிந்த இடத்தில், தானாகச் சொன்னார்.

"கௌசல்யா அப்பா ஒருநாளும் மோந்து பாத்துக் குடிச்சது இல்ல செல்வி. மூக்கப் புடிச்சிக்கினு ஊத்திக்குவாரு. நாத்தம் தாங்காது."

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மூன்று வளைவுகள் கழிந்தன. "வேற எந்தெந்த நாட்டுல இப்டி யாருக்கும் தெரியாம நல்லா பண்றாங்க?" என்று அவரே கேட்டார்.

நான் திரும்பி உட்கார்ந்தேன். ஆர்மீனியாவில் மலைக் குகையில் கிடைத்த பழைய ஒயின் ஜாடிகளைச் சொன்னேன். ருமேனியாவைச் சொன்னேன். மால்டோவா என்று ஒரு சின்ன நாடு, அங்கே சுண்ணாம்புக் கல் வெட்டிய சுரங்கங்களுக்குள் ஒயினை அடுக்கியிருக்கிறார்கள், தெருத் தெருவாகப் போகும், தெருக்களுக்கு ஒயின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், உள்ளே கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன்.

"பூமிக்குள்ளயா? காரா?"

"கார்தான் அண்ணி. லாரிகூடப் போகும்."

"அப்போ வெளிச்சம்? காத்து?"

நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் போனது தெரியவில்லை. நடத்துனர் எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வடக்கனந்தல்னு டிக்கெட் எடுத்தீங்களே, தாண்டி எவ்ளோ நேரமாச்சி! கத்திக்கினே இருந்தேன்" என்றார்.

அண்ணி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கள்ளக்குறிச்சிக்கே போட்டுக் குடு. நீ சொல்லு செல்வி, லாரி எப்டித் திரும்பும்?"